மூன்று தடவை

"என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" என்று பிசியோதெரபி பெண் பேனாவும் கையுமாகக் கேட்டபோது, எடை குறைய இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துப் பன்னிரண்டு நாளே ஆகியிருந்த அவள் யோசிக்கவே இல்லை. மற்றவர்கள் மாடிப்படி ஏறணும், பழைய துணி போடணும் என்றெல்லாம் சொல்வார்களாம்.

"தரையில இருந்து எழுந்திருக்கணும். யாரையும் கூப்பிடாம."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அதெல்லாம் பத்தாவது வாரத்துக்கு மேல்தான், இப்போதைக்கு நடையும் மூச்சுப் பயிற்சியும் போதும், இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஏன் இந்த ஆசை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், ஆபரேஷன் எதற்கு என்று கேட்ட டாக்டரிடம் முழங்கால் வலி என்று அவிழ்த்துவிட்ட அதே பொய்தான் வந்திருக்கும்.

உண்மைக் காரணம் அண்ணன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டே பேர். வெளியே அவன் தங்கமான மனுஷன். கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தங்கச்சியை வைத்துக் காப்பாற்றுகிறவன். கதவைச் சாத்திவிட்டால் அவள் அவனுக்கு வெறும் 'மூட்டை'. சோற்றில் உப்புக் குறைந்தால் போதும், நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளு. நூற்றிமுப்பது கிலோ உடம்பு தரையில் விழுந்தால் தானாக எழாது என்பது அவனுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வான். "அண்ணா, தூக்கி விடு" என்று அவள் மூன்று தடவை சொல்ல வேண்டும். குரலில் பணிவு குறைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல மறுத்தாள். விலாவில் நாலு உதை விட்டுவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். சாயங்காலம் அவன் திரும்பியபோது தன் மூத்திரத்திலேயே கிடந்தவள், மூன்று தடவையும் சொன்னாள். அன்றைக்கே ஆபரேஷனுக்கு முடிவு செய்துவிட்டாள். தங்கச்சி நல்லா இருக்கணும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

எடை மளமளவென்று இறங்கியது. கூடவே அடியும் நன்றாக இறங்கியது. முன்பெல்லாம் பாதி அடி சதையோடு போய்விடும். இப்போது நேராக எலும்பில் விழுந்தது. தோளில் இருந்த நீலத்தைப் பார்த்து பிசியோ பெண் கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். பத்தாவது வாரம் விரிப்பில் படுக்க வைத்தார்கள். ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வந்து, ஒரு காலை முன்னால் வைத்து, தொடையில் கைகொடுத்து எழ வேண்டும். ஒரு சுற்றுக்குப் பத்து, மொத்தம் மூன்று சுற்று. பன்னிரண்டாம் வாரம் அவள் தானாக எழுந்து நின்று, அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்து விசும்பி அழுதாள்.

அந்தப் பெண்ணின் நல்ல மனசுதான் வினையாகிப் போனது. யாராவது துணைக்கு நின்றால்தான் இந்தப் பயிற்சியை வீட்டில் செய்யலாம் என்பது அங்கே விதி. இவளை ஒரு வார்த்தை கேட்காமல், ஆஸ்பத்திரித் தாளில் இருந்த அண்ணன் நம்பருக்குப் போன் போட்டு வரவழைத்துவிட்டாள் அந்தப் பெண். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கைகட்டி நின்று கற்றுக்கொண்டான்.

"ஒரு காலை முன்னால வச்சிருக்காங்க பாருங்க சார், இந்த நிலையில லேசா தொட்டாக்கூட சாஞ்சிடுவாங்க. இங்கதான் நீங்க கவனமா இருக்கணும்."

"கண்டிப்பா இருக்கறேன்மா," என்றான்.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டதுமே அறைந்தான். உதடு கிழிந்தது. அடுத்த தள்ளில் இடுப்பெலும்பு தரையில் மோதி மின்னல் அடித்த மாதிரி வலித்தது. எழுந்திரு, நானும் பார்க்கிறேன் என்றான். ஒருக்களித்தாள், முழங்கை ஊன்றினாள், ஒரு காலை முன்னால் வைத்தாள். அவன் கால் கட்டைவிரலால் தோளை ஒரு நெட்டு. சரிந்தாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுபடி எழுந்தாள், மறுபடி நெட்டினான். ஆறாவதில் தாடை இடித்து ஒரு பல் ஆடியது. பத்தாவதில் அவள் வாய் ரத்தம் தரையையெல்லாம் சிவப்பாக்கியிருந்தது. மூணு தடவை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு என்றான். அவள் ஒருக்களித்தாள். வெறி ஏறிப் போய் இரண்டாம் சுற்றுப் பயிற்சியைத் தொடங்கியிருந்தாள்.

பதினாறுக்கு மேல் அவன் சிரிக்கவில்லை. நெட்டுவது உதையானது, விலாவில், முதுகில், வாங்கிய அடியின் மேலேயே அடி. ஆனால் ஒவ்வொரு உதைக்கும் நடுவில் அவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய உடம்பு அவனுடையது. அவளுக்கோ முப்பது தடவை எழுந்து பழக்கம்.

இருபத்திரண்டாவது தடவை அந்தக் கால் வந்தபோது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதறிப் பார்த்தான். பயிற்சியில் ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துத் தேறிய கைகள், விடவில்லை. இப்போது ஒற்றைக் காலில் நிற்பது அவன். கீழே தரை அவள் ரத்தத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது. லேசாக இழுத்தால் போதும்.

"விடு," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு," என்றாள்.

அவன் கை பக்கத்துச் சுவரைத் தேடியது. நாலு விரற்கடை எட்டவில்லை.