சின்னவள்

ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து ஸப்ரி கட்டிலில் தன் பக்கத்தை மட்டும் தட்டி விரித்தான். மற்றப் பக்கம் கலையவே இல்லை. குளித்தான். சவரம் செய்தான். அலுமாரியின் வலது கதவைத் திறந்து காற்சட்டையை எடுத்துக்கொண்டு மூடினான். இடது கதவில் கை வைக்கவில்லை. அறைக் கதவின் கைபிடியில் சேர்ட் தொங்கியது, காலர் நிமிர்ந்து, மடிப்புக் கலையாமல். முன்பு மாமி ஸ்திரி போட்டுத் தொங்கவிடுவார். இப்போது கொஞ்ச நாளாக மாமியின் இளைய மகள் ஸஹ்ரா.

சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தான். பாணும் பருப்பும் இருந்தன.

"மகன், இன்னொரு துண்டு வெக்கட்டா?" என்றார் மாமி ஸுபைதா.

"ம்."

"சம்பல்?"

"ம்."

"வெசத்த வெக்கட்டாண்டு கேட்டுப் பாருங்க, அதுக்கும் ம்-தான்," என்றார் மாமா முத்தலிப், தேத்தண்ணியை ஊதியபடி. அவர் மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மழை வருமா வராதா என்பதைத் தவிர வேறெதற்கும் தலையை உடைத்துக்கொள்ள மாட்டார்.

"காலங்காத்தால என்ன பேச்சு இது," என்று மாமி அவரை அடக்கினார்.

மாமா சொன்னது பகிடிதான். ஆனால் அந்த ‘ம்’தான் ஸப்ரியை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அவன் மனைவி நிஹ்லா டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகி ஏழு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் மாமி ஒரே விஷயத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோகும் முன் மகள் தன் புருஷனின் கையைப் பிடித்து, ‘சின்னவளப் பாத்துக்கோங்க’ என்று சொன்னாளாம். திரைக்கு இந்தப் பக்கம் நின்று தன் காதால் கேட்டாராம். பெரியவள் நிஹ்லா, சின்னவள் ஸஹ்ரா. மாமிக்கு இரண்டே பிள்ளைகள். உயிர் போகிற நேரத்தில் ஒருத்தி சொன்னது வஸிய்யத். அதை நிறைவேற்றாமல் விடலாமா?

ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமி அவனருகே வந்து உட்கார்ந்தார். "ஒங்களுக்கு மறுப்பு ஒண்டும் இல்லதானே மகன்?" என்று கேட்டார். எதைப் பற்றிக் கேட்கிறார் என்பது ஸப்ரியின் மண்டையில் ஏற முன்பே வாயிலிருந்து ‘ம்’ வந்துவிட்டது. காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அந்த ஊர்ப் பக்கம் ஒரு குமரைக் கல்யாணத்துக்குக் கேட்டால் அவள் வாய்திறந்து ஓம் என்று சொல்ல வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தலையைக் குனிந்தால் சரி. மனைவியைப் பறிகொடுத்தவன் என்று அதே மரியாதையை ஸப்ரிக்கும் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கே குசினிக்குள் ஸஹ்ராவையும் கேட்டார்கள். அவளும் வாய்திறக்கவில்லை. இரண்டு பேரின் வாயடைப்பை வைத்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வரும் வெள்ளிக்கு நிக்காஹ் என்று பள்ளியிலும் சொல்லியாயிற்று.

அதிலிருந்து ஸஹ்ரா அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. அதற்கு முன் வாய்க்கு வாய் மச்சான் என்பாள். அக்காவின் புருஷனும் மச்சான்தான். ஆனால் நிஹ்லாவும் அவனை மச்சான் என்றே கூப்பிட்டவள். அந்தச் சொல்லின் மேல் கால் வைக்க ஸஹ்ராவுக்குப் பயம்.

போய்விட இடமும் இல்லை. நாலந்தாவில் அவன் பிறந்த வீட்டில் அண்ணனான நானாவின் குடும்பம் நிறைந்து கிடக்கிறது. வாப்பாவும் உம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். பெண் வீட்டோடு வந்த மாப்பிள்ளை, பெண் போன பிறகும் அங்கேயே சாப்பிட்டான், அங்கேயே தூங்கினான். மகன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருவரும் ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. கடிந்து சொல்லியிருந்தாலாவது கோபித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம்.

"இண்டைக்கு அந்த அலுமாரிய ஒழிக்கப் போறன்," என்றார் மாமி, தட்டை எடுத்தபடி. "நிஹ்லாட உடுப்பயெல்லாம் ஆருக்காச்சும் குடுப்பம். உடுக்கிற ஆளுக்கு ஒதவட்டும். ஸஹ்ராட சாமான் வெக்கணுமே, இல்லயா மகன்?"

"ம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. இடது கதவுக்குள், நிஹ்லாவின் அபாயாக்களுக்குப் பின்னால், கிட்டார் இருந்தது.

யட்டவத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸப்ரி அந்த வழியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறான். திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கார்ந்தே இருந்தான்.

பேராதனையில் படிக்கிற காலத்தில் ஸப்ரிக்கு ஒரு பழைய கிட்டார் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அதை விடுதி நண்பனிடம் கொடுத்துவிட்டான். மாமியின் வீட்டில் தந்தி வாத்தியம் ஆகாது. அது இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. மாமா கடையில் ரேடியோ கேட்பார். அது கடை, வீடில்லையே என்பார். ஸப்ரி இதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை. ஆனால் அவன் சும்மா இருக்கும்போது இடது கை விரல்கள் முழங்காலில் எதையோ அழுத்துவதை நிஹ்லா பார்த்துவிட்டாள்.

அவள் அலுமாரியின் ஆழத்தைக் கைச்சாணால் அளந்தாள். பிறகு கண்டிக்குப் போய்த் தேடிப் பிடித்தாள். உடம்பு மெலிந்த கிட்டார், தடித்த அகராதி அளவுதான் பருமன். நைலோன் தந்திகள். வெறுமனே மீட்டினால் பாயில் விரலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் குரலெல்லாம் மின்சாரத்தில் இருந்தது. விலாவில் உள்ள துளையில் ஒரு வயரைச் செருகி, தீப்பெட்டி போன்ற ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தி, இயர்ஃபோனைக் காதில் வைத்தால் முழுசாகக் கேட்கும். கல்யாண வீடொன்றுக்கு மாமி போயிருந்த பகலில், புதுக் கட்டில் விரிப்பில் சுற்றி, நிஹ்லா அதை உள்ளே கொண்டுவந்தாள்.

"பெரிய பொஞ்சாதி நான்," என்று சொல்லி அதை அபாயாக்களுக்குப் பின்னால் நிறுத்தினாள். "இவ சின்னவ. எனக்குப் பின்னாலதான் நிக்கணும்."

அந்தப் பெயரே நின்றுவிட்டது. இயர்ஃபோனின் ஒரு பக்கம் அவன் காதில், மறுபக்கம் அவள் காதில். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி ஓதிக்கொண்டிருப்பார்.

அதில் ஒரே ஒரு தொல்லை. வயர் செருகியிருக்கும்வரை கிட்டாருக்குள் இருக்கிற சதுர பெட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். தனியாக ஒரு சுவிட்ச் கிடையாது. வயரைக் கழற்றுவதுதான் அணைப்பது. ஸப்ரி அதை மறப்பான். பெட்டரி வாங்க டவுனுக்குப் போகிறவள் நிஹ்லா. ஒரு தடவை கடைக்காரர் எதற்கு என்று கேட்டபோது சுவர் மணிக்கூட்டுக்கு என்று சொல்லிவிட்டாள். "மணிக்கூட்டுக்கு இது போகாதே தங்கச்சி," என்றாராம். "எங்கட மணிக்கூடு கொஞ்சம் பெருசு," என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவள முடிச்சவரு நீங்க. அவளுக்குச் சோறு வாங்கப் போறது நானா?"

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், தலை தூக்க முடியவில்லை, கொஞ்சம் வாசிங்க என்றாள். ஸப்ரி வாசித்தான். பாதியில் அவள் கண் செருகியது. கிட்டாரை அப்படியே அலுமாரிக்குள் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினான். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தாள். பேசினாள். ஸப்ரி ‘ம்’ என்றான். அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

சின்னவள் யார் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம். இப்போது ஒருவனுக்கு மட்டும். அதை மாமியிடம் எப்படிச் சொல்வது? மகள் கடைசி மூச்சிலும் தங்கையைத்தான் நினைத்தாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சோறு சமைத்தார், குர்ஆன் ஓதினார், வாசலைப் பெருக்கினார். அதைப் பிடுங்கி எடுத்து, இல்லை மாமி, அது உங்களுக்குப் பிடிக்காத ஒரு பொருளைப் பற்றிய பேச்சு என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அவர் சொன்னதையே உண்மையாக்கிக்கொண்டு போனது.

முதல் பாடம் மின்சுற்று. கரும்பலகையில் ஒரு மின்கலம் வரைந்தான், ஒரு குமிழ் வரைந்தான், கோடுகளை இணைத்தான். சுற்று மூடியிருக்கும்வரை மின்கலம் வெறுமையாகிக்கொண்டே இருக்கும் என்று சொன்னான். சொல்லிவிட்டு வெண்கட்டியோடு அப்படியே நின்றான். பிள்ளைகள் கொப்பியிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார்கள். பாடம் முடிந்ததும் அதிபரிடம் அரைநாள் லீவு கேட்டான்.

வீட்டு வாசலில் மாமா பாயில் காய்ந்த மிளகைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

"நேரத்தோட வந்தீக்கிறீங்க. உள்ளுக்கு என்னமோ அகப்பட்டீக்கிது போல."

"என்ன மாமா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? உம்மாவும் மகளும் ஒரே நேரத்துல வாய மூடிக்கிட்டு நிக்கிறாங்க. அப்பிடி நிண்டா நான் ஊட்டுக்குள்ள போற இல்ல."

அறையில் அலுமாரியின் இடது கதவு அகலத் திறந்திருந்தது. உடுப்புகள் மடித்துப் பைகளில் இருந்தன. கிட்டார் கட்டிலில் கிடந்தது, கலையாத அந்தப் பக்கத்தில். விலாவில் வயர் செருகியபடியே இருந்தது. இயர்ஃபோன் இரண்டும் கட்டிலோரம் தொங்கின. மாமி கதிரையில் இருந்தார். ஸஹ்ரா அலுமாரியில் சாய்ந்து நின்றாள்.

"இது ஆருட மகன்?"

"என்ட, மாமி."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசத்துக்கு மேல."

"நான் ஓதுற ஊட்டுல," என்றார் மாமி. குரல் உயரவில்லை. "நிஹ்லாக்குத் தெரியுமா?"

"தாத்தாக்குத் தெரியாம தாத்தாட அபாயாக்குப் பின்னால அது எப்பிடி உம்மா போய் நிண்டது?" என்றாள் ஸஹ்ரா. அந்த வீட்டில் அக்காவை தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீ பேசாத."

"அவதான் வாங்கித் தந்தா," என்றான் ஸப்ரி.

மாமி கிட்டாரைப் பார்த்தார், சொல்லாமல் வந்து குந்திய விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. "வவுறு பெருத்துத்தானே ஈக்கும் இதெல்லாம். இது என்ன, நோய்ல கெடந்தது போல?"

"மெலிசாத்தான் செஞ்சீக்கிறாங்க. சத்தம் வெளிய வராது."

"எனக்குக் கேக்கக் கூடாதெண்டு."

"ம்."

மாமி முந்தானையால் முகத்தை ஒற்றினார். "செரி. மௌத்தானவட கொற பேசக் கூடாது. ஒளிச்சது ஒளிச்சதுதான். ஆனா கடைசி நேரத்துல என்ட புள்ள சின்னவளத்தானே நெனச்ச. எனக்கு அது போதும். இத ஆருக்காச்சும் குடுத்துருங்க மகன். ஸஹ்ரா வார ரூமுல இது வேணா."

ஸப்ரியின் தொண்டைக்குள் அந்த ஓசை எழும்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உம்மா," என்றாள் ஸஹ்ரா. "என்னய சின்னவளெண்டு கூப்பிடுறது நீங்க. வாப்பாவும் கூப்பிடுவாரு. தாத்தா ஒருநாளும் கூப்பிட்டதில்ல."

"அந்த நேரத்துல வாயில வந்தீக்கும்."

"பொறந்ததுலருந்து ஸஹ்ரா, கோவம் வந்தா கழுத. வேற பேரில்ல." இவ்வளவு நாளும் யோசித்து வைத்திருந்ததைப் போலப் பேசினாள். "கண்டியில கல்வியியற் கல்லூரிக்குக் கெடச்சதயும் உட்டுட்டு நான் ஊட்டோட ஈக்கிறது தாத்தாட வார்த்தைக்காகத்தான். வேற ஆரும் கேட்டீந்தா ஏலாண்டு சொல்லீப்பன். இவரு கொறட்ட உடுறது எனக்குச் சொவருக்கு இங்கால கேக்கும். தெரிஞ்சிக்கிட்டு ஆரும் ஓமெண்டு சொல்லுவாங்களா?"

"ஸஹ்ரா."

"நீங்க திரைக்கு இங்கால நிண்டீங்க உம்மா. நீங்க கேட்டது எவ்வளவு, கேக்காதது எவ்வளவு?" ஸப்ரியின் பக்கம் திரும்பினாள். நேராகப் பார்த்தாள். "தாத்தா முழுசா என்ன சொன்னா, மச்சான்?"

பழைய மச்சான். அக்காவின் புருஷனுக்குச் சொல்கிறது. அதைக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

ஸப்ரி கட்டிலருகே போனான். கிட்டாரை எடுத்தான். அன்றைக்குத் தள்ளிவிட்டு ஓடியபோது பிடித்த பிறகு இப்போதுதான் கை பட்டது. பெட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும். இருந்தாலும் வயரைப் பிடித்து இழுத்தான். டக்கென்று கழன்றது. அவனிடம் அவள் கேட்ட ஒரே காரியம் அதுதான். கேட்காத காரியத்துக்கு நாள் குறித்துவிட்டு, கேட்டதைச் செய்யாமல் அவளுடைய கதவை மூடியே வைத்திருந்தான்.

"மாமி," என்றான். "நீங்க கேட்டது பொய்யில்ல. ஆனா கடைசித் துண்டுதான் கேட்டீக்கிறீங்க. சின்னவளெண்டு அவ சொல்றது இத."

மாமியின் பார்வை அவன் கையில் இருந்த மெலிந்த மரத்தில் நின்றது. வாசலில் மாமா மிளகைக் கிளறும் சத்தம் சரசரவென்று உள்ளே வந்தது. ஸஹ்ரா தாயின் தோளில் கை வைத்தாள். மாமி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"சொல்லுங்க மகன்," என்றார் கடைசியில். "என்ட புள்ள பேசின பேச்சு. ஒரு சொல்லும் உடாம சொல்லுங்க."

ஸப்ரி சொன்னான்.

"மச்சான், வயரக் கழட்டாம வந்துட்டீங்க. ஊட்டுக்குப் போன ஒடன கழட்டிருங்க, பெட்டரி எறங்கிரும். நான் வாற வரைக்கும் சின்னவளப் பாத்துக்கோங்க."