கடைசிப் பக்கம் காணவில்லை

"கடைசிப் பக்கத்தைத் தொலைச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே மருந்துக்கடைக்காரர் தம் தாள்கட்டைத் தங்கையின் முன் பொத்தென்று போட்டார்.

இருபத்தாறு ஆண்டுகளாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருக்கும் தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொலைக்கல அண்ணா. அங்க உங்களுக்கு வசனமே இல்ல."

"வசனம் இல்லையா? எனக்கா?"

அந்த நாடகக் குழுவில் முழுப் பிரதி ஒருவர் கையில்தான் இருக்கும். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவரும், திரைக்கயிற்றை இழுப்பவருமாகிய கடிகாரக்காரரே அவர். மற்றவர்களுக்கு அவரவர் வசனத்தை மட்டும் தனித்தாளில் எழுதித் தருவார்கள். ஆகவே, தம் வசனம் எங்கே முடிகிறதோ அங்கேதான் நாடகம் முடிகிறது என்று அண்ணன் இத்தனை காலமும் நம்பிவந்தார்.

நாடகமோ நூறாண்டுக்கு முந்தைய நார்வே நாட்டு நாடகம். மர ஆலை முதலாளி ஒருவர். வெள்ளத்தில் அழிந்த தொழிலாளர் குடியிருப்பு ஒன்று. கடைசிக் காட்சியில் மகள் கேட்கிறாள்: "அன்று மதகைத் திறக்கச் சொன்னவர் நீங்கள்தாமா, அப்பா?" மூலத்தில் அதன்பின் இருப்பவை இரண்டே வரிகள். 'அவர் விடையளிக்கவில்லை. திரை.' ஆனால், குழுவின் முதல் தலைவர் அந்நாளில் ஆங்கிலத்தின் வழியாகப் பெயர்த்தபோது, ஒன்றரைப் பக்க அழுகையைத் தம் சொந்தச் செலவில் ஒட்டவைத்து, மகளையும் காலில் விழச் செய்துவிட்டார். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு அன்று, மோசடி. தேர்வுத்தாளாக இருந்திருந்தால் சுழியம்தான். அந்த மோசடிக்கு இருபது ஆண்டுகளாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தவர் அண்ணன். தங்கையோ பதினோராண்டு அந்த மொழியோடு மல்லுக்கட்டி, மூலத்திலிருந்தே நேராகப் பெயர்த்திருந்தாள்.

"ஒரே ஒரு 'ஐயோ' போட்டுக்கிறேனே?"

"சாட்சி வாயத் திறக்கலைன்னா நான் 'ஐயோ'ன்னு எழுத முடியுமா?"

"உன் சாட்சிக்கு யாரும் கைதட்டப் போறதில்ல. எனக்கு அதுதானே பொழப்பு!"

"உங்க பொழப்பு இருமல் மருந்து விக்கிறது" என்று அண்ணி உள்ளேயிருந்து சொன்னாள். வீட்டில் மனைவியான அவளே மேடையில் மகள். இந்தப் புதுப் பிரதியில் கடைசிச் சொல் தனக்கே என்ற மகிழ்ச்சியில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. புதுப் பிரதி ஒரே ஒரு முறை மேடையேறும், ஞாயிறு மூன்று மணிக்கு. அந்த மௌனத்தில் கூட்டம் சிரித்துவிட்டால் பழைய வசனம் திரும்பிவிடும். பதினோராண்டு உழைப்பு பரணுக்குப் போய்விடும்.

ஞாயிறன்று அரங்கம் நிரம்பியது. மூன்று அங்கங்களும் வழுக்கிக்கொண்டு ஓடின. அண்ணி கேட்டாள்: "அன்று மதகைத் திறக்கச் சொன்னவர் நீங்கள்தாமா, அப்பா?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டு நின்றார். மேடையோரத்தில் நின்ற தங்கை நொடிகளை எண்ணினாள்.

கடிகாரக்காரரிடம் விஷயத்தை நான்கு முறை விளக்கியிருந்தார்கள். நான்கு முறையும் தலையாட்டியிருந்தார். ஆனால் நடிகன் மூன்று நொடி பேசாமல் நின்றால், அவர் வாய் அவரைக் கேளாமலே திறந்துகொள்ளும். "மகளே, நான் ஒரு பாவி!" என்று பழைய வசனத்தைக் கிசுகிசுத்தார். அண்ணன் அசையவில்லை. செவியில் விழவில்லை போலும் என்றெண்ணி, "மகளே, நான் ஒரு பாவி!" என்று குரலை உயர்த்தினார். மூன்றாம் முறை கடைசி வரிசைவரை கேட்டது.

"அதான் எடுத்துக் குடுக்கிறாங்கல்ல, சொல்லித் தொலையேன்யா!" என்று யாரோ கத்த, அரங்கமே கொல்லென்று சிரித்தது.

தங்கை பாய்ந்து சென்று கடிகாரக்காரரின் வாயைப் பொத்தினாள். அண்ணனின் உதடு துடித்தது. கைதட்டல் ஒரு சொல் தொலைவில் காத்திருந்தது. அப்போது அண்ணி ஓரடி முன்னால் வந்து, அதே கேள்வியை, இம்முறை மெல்லக் கேட்டாள். அது மேடைக் குரலாக இல்லை; வீட்டில் அடுக்களை வாசலில் நின்று கேட்கும் குரலாக இருந்தது. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. சிரிப்பு அடங்கி, இருமல்கூடக் கேளாத அமைதி பரவியது. தங்கையே கயிற்றை இழுத்தாள்.

ஒருவரும் கைதட்டவில்லை.

"பாத்தியா, சிரிச்சாங்க!" என்று அண்ணன் திரைக்குள் குதித்தார். "பேச்சுன்னா பேச்சு. பழைய வசனத்தை எடு!"

"எதைக் கேட்டுச் சிரிச்சாங்க? உங்க பழைய வசனத்தைக் கேட்டு! நீங்க சும்மா நின்னதுக்கு ஒருத்தராவது சிரிச்சாங்களா?"

அதற்குள் அரங்கத்தில் சத்தம் எழுந்தது. திரையை விலக்கிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. "அவன்தான் திறக்கச் சொன்னான், மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே!" என்று ஒருவர் நாற்காலியைத் தட்ட, "ஆலை மேனேஜர் வேலையா இருக்கும், நீ கண்டியா?" என்று இன்னொருவர் எகிறினார். கணவனும் மனைவியுமாக ஓர் இணை, ஆளுக்கொரு பக்கம் வழக்காடிக்கொண்டிருந்தது.

முதல் வரிசைக்காரர் அண்ணனைக் கண்டுவிட்டார். "ஐயா, நீங்களே சொல்லுங்க. நீங்கதானே?"

அண்ணன் மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தார். தங்கை சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

வெகுநேரம் அவர் அந்த வாக்குவாதத்தையே ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அடுத்த ஞாயித்துக்கெழமை கயித்தை இன்னும் கொஞ்சம் மெதுவா இழுக்கலாமில்ல? நான் முழுசா நிக்கறதுக்குள்ளயே மூடிட்ட."