நீலச் சட்டைக்காரன் யார்?

எண்ணூர்க் கழிமுகத்தின்மேல் வைகறை வெளுக்கத் தொடங்கிய அவ்வேளையில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானுக்கு முட்டுக்கொடுத்த தூண்களெனப் புகைந்து நிற்க, சாம்பல் படிந்து நரைத்த நீர்ப்பரப்பு உறங்கியெழுந்த முகம்போல் வீங்கி மெல்ல அசைய, கத்திவாக்கத்துப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கரை நீங்கக் காத்திருந்தன. பெருந்தகையீர், ஊரார் விழிகளெல்லாம் நீரை நோக்கிய அப்பொழுதில் இரண்டு கண்கள் மட்டும் நிலத்தையே நோக்கின. அவை செல்லம்மாவின் கண்கள். தெருமுனையில் நின்று, துலக்கிய பல்லையே மீண்டும் மீண்டும் துலக்கி, எவர் வீட்டுக் கதவு எப்போது திறந்தது என்று குறித்துக்கொள்வதே அவ்வம்மையாரின் காலைக் கடமை. அதற்கு ஊதியம் எவரும் தந்ததில்லை, விடுமுறையும் அவர் எடுத்ததில்லை.

அன்று திறந்தது அண்டைவீட்டு ஜெயஸ்ரீயின் புறக்கடைக் கதவு. அவள் கணவன் லட்சுமணன் படகில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று திங்களாய்ப் படுத்த படுக்கை. ஆயினும் அவ்வீட்டின் ‘பாடு’ தவறவில்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் மட்டுமே இறால் வலை வீசலாம், வேறு படகு அண்டலாகாது என்று சீட்டுக் குலுக்கி வகுத்த முறைக்கு அவ்வூரில் பாடு என்று பெயர். வீட்டு ஆண் வீழ்ந்தால் உறவில் ஓர் ஆண் வந்து வீசலாம். பெண்ணொருத்தி படகில் கால்வைத்தாலோ அவ்வீட்டுப் பாடு பறிபோகும். பழவேற்காட்டுத் தம்பி வந்து வீசுவதாக ஜெயஸ்ரீ சொல்லியிருந்தாள். ஊர் நம்பிற்று, செல்லம்மா நம்பவில்லை. நீலச் சட்டையும், முகம் மறைத்துச் சுற்றிய துண்டுமாய் அக்கதவு வழியே நழுவிய ஓர் உருவம் போவதைக் கண்டாரேயன்றி, வருவதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. தம்பியென்றால் தெருவழியே வரமாட்டானோ? அண்டைவீட்டாரிடம் ஒரு சொல் பேசமாட்டானோ? போதாக்குறைக்கு, அத்தம்பி குவைத்துக்குப் போய் ஓராண்டாயிற்று என்று பழவேற்காட்டு மீன்காரி ஒருத்தி சொல்லிவிட, ஐயம் புளித்த மாவெனப் பொங்கிக் கலம் வழிந்தது.

“இன்னாடி ரேகா, புருசன் உள்ள படுத்துகினு கீறான், நீலச்சட்ட பின்னால நழுவுது. தம்பியாம் தம்பி!” என்றார், குடிநீர் வண்டியருகே.

“யக்கா, உனுக்கு வேற வேலையே இல்லியா?” என்று கடிந்த ரேகாவே அச்சொல்லை முதலில் சுமந்துசென்றாள். மாலைக்குள் அது ‘கள்ளப் புருசன்’ என முற்றி, ஊர்த்தலைவர் செங்குட்டுவனின் செவியில் இறங்கிற்று.

ஞாயிறன்று மாலை கரையிலே ஊரவை கூடிற்று. நடுவில் நின்றாள் ஜெயஸ்ரீ. உண்மையைச் சொன்னால் சோறு போகும். சொல்லாவிடில் பெயர் போகும்.

“ஆம்பள எவனும் இல்ல, தலைவரே. அந்தச் சட்ட என் புருசனுது. போட்டுகினு போனது நான்தான்.”

அவை நகைத்தது. “பொம்பள வலை வீசி மூணு மாசமா இறா வந்துகினு கீதா? கத வுடாத, தாயி!”

செல்லம்மா அப்போதுதான் அவள் உள்ளங்கைகளைப் பார்த்தார். கயிறு அறுத்துக் காய்த்த தழும்புகள்! ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் கண்ட கண்கள் அடுத்த வீட்டுக் கையைக் காணவில்லையே என்று அவர் நெஞ்சு சுருக்கென்றது.

“அது அவதான், தலைவரே. எனுக்கு இப்பத்தான் புரியுது.”

“அன்னிக்கு ஆம்பளன்ன, இன்னிக்கு பொம்பளன்ற. இன்னா, இறா கொழம்பு ஊத்துனாளா?” என்று கூட்டத்தில் ஒருவன் எள்ளினான்.

“நான் அளந்த பொய்யெல்லாம் நம்புனீங்க. மொதவாட்டியா நெசம் சொல்றேன், சிரிக்கிறீங்களே!”

ஜெயஸ்ரீ சேலையை வரிந்து கட்டி, அத்தனை பேரும் பார்த்திருக்கப் படகேறி, கழி ஊன்றித் தள்ளி, இடுப்பை ஒடித்து வலையை வீசினாள். முழுவட்டமாய் விரிந்து அது நீரில் இறங்கிய அழகில், நாற்பதாண்டு வலை வீசிய தலைவரும் வாய் மூடினார். பின்னர்த் தலை நிமிராமலே சொன்னார்: “உம்மேல தப்பில்ல, தாயி. இனி எவனும் பேசக்கூடாது. ஆனா பாடு போச்சு. வழக்கம் வழக்கந்தான்.”

“அப்ப மூணு மாசமா அவ புடிச்ச இறாவ வாங்கித் துன்னீங்களே, அத்த இன்னா பண்ணப் போறீங்க?” என்று செல்லம்மா கேட்டார். அவையோர் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினர்.

செய்யாத குற்றத்தை அரைநாளில் நம்பிய ஊர், செய்த உழைப்பை நம்பக் கண்முன் காட்டச் சொல்லிற்று. கண்டபின் அதற்கே ஒறுப்பும் விதித்தது. கலையும் கூட்டத்தை ஜெயஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை. வீசிய வலையை மெல்ல இழுத்தாள், இறால்கள் துள்ளின. அன்றைய பாடு வேறொரு வீட்டாருடையது. அதனால் அவள் வலையைப் பிரித்து, அவற்றை ஒன்றுவிடாமல் நீரிலேயே விட்டாள்.