தொடாமலே தொட்டதாக

திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகர ஷெட்டில் பிரேமலதா தொழில் வைத்திருந்தாள். வீட்டுப் பெயர்ப் பலகைகள் செய்து கொடுக்கும் தொழில். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், சி.என்.சி. மிஷினின் சுழலும் பிட், அதாவது வெட்டுமுனை, மரத்தில் இறங்கி அதைக் குடைந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியை மூடி வேலை போன பிறகு, யூடியூபைப் பார்த்துப் பார்த்து, பாகம் பாகமாக வரவழைத்து அவளே பூட்டிய மிஷின் அது.

புருஷன் முனிரத்தினம் குவைத்தில் லாரி ஓட்டினான். பெண்பிள்ளை தனியாகக் கடையில் இருப்பது நன்றாயில்லை என்று, பாலசமுத்திரத்தில் சும்மா இருந்த தன் அண்ணன் நாகபூஷணத்தை அவன்தான் துணைக்கு அனுப்பிவைத்தான். நாகபூஷணம் வாயில் எந்நேரமும் குட்கா. பேசும்போது கீழுதட்டை மேலே தூக்கிக்கொண்டு, சாறு வழியாமல் பேசுவார். பிரேமலதா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

அவர் வந்து ஒரு மாதத்தில் மிஷின் தகராறு செய்ய ஆரம்பித்தது. வேலை தொடங்குமுன் பிட் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மிஷினுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பலகைமேல் ஒரு அலுமினியத் தகட்டை வைத்து, பிட்டில் ஒரு கிளிப்பை மாட்டுவாள். இரண்டிலிருந்தும் ஒயர் மிஷினை இயக்குகிற எலெக்ட்ரானிக் போர்டுக்குப் போகும். பிட் மெல்ல இறங்கித் தகட்டைத் தொட்டதும் கரண்ட் சேர்ந்து, மிஷின் உயரத்தைக் குறித்துக்கொள்ளும். இப்போதோ பிட் நாலு விரல் மேலே நிற்கும்போதே, தொட்டாகிவிட்டது என்று திரையில் பிழை வந்தது. காலையில் ஒழுங்காக வேலை செய்யும். பத்து மணிக்குமேல் அடம் பிடிக்கும்.

கிளிப்பை மாற்றினாள். தகட்டை உப்புத்தாளால் தேய்த்தாள். கம்ப்யூட்டரில் புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றினாள். ஒன்றும் ஆகவில்லை.

"நான் சொன்னா கோச்சுக்குவ," என்றார் நாகபூஷணம். "அந்த மூணு நாளும் நீ மிஷின தொட்டுக்கினு கீற. மலையடிவாரம் இது. தீட்டு ஒத்துக்குமா?"

தன் நாள்களை இந்த மனிதர் உட்கார்ந்து கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதே அவளுக்கு அருவருக்கப் போதுமாயிருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் முனிரத்தினமும் போனில், "அண்ணன் சொல்றதையும் கேளேன்" என்றான். அடுத்த மாதம் மூன்று நாள் அவள் ஷெட்டுக்குப் போகவில்லை. மூன்று நாளும் அவரிடமும் அதே பிழைதான் வந்தது. கண்ணால் உயரம் பார்த்து அவரே ஓட்டியதில், பிட் தேக்குப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே மேசைவரை இறங்கிவிட்டது. ருக்மணி டீச்சர் வீட்டுப் பலகை அது. பழைய தீட்டு இன்னும் போகவில்லை என்று மிஷின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். மோட்டாருக்குள் இறங்குமுன் பிரேமலதா வந்து துடைத்தாள்.

மறுநாள் பலகை கேட்டு டீச்சர் வந்தார். நாகபூஷணம் கூசாமல் அவரிடமும் அந்தத் தீட்டுக் கதையையே சொன்னார். டீச்சர் பிரேமலதாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு நாள்தானம்மா. தள்ளி இருந்தா என்ன குறைஞ்சிடும்?"

பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற வாய். பிரேமலதா, இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு பார்த்துவிடுவது என்று மிஷினிடம் போனாள்.

பிட்டிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தொங்கவிட்டாள். அப்போதும் திரையில் தொட்டதற்கான பச்சைப் புள்ளி அணையவில்லை. ஒயரின் மறுமுனையை போர்டிலிருந்து பிடுங்கினாள். புள்ளி அணைந்தது. ஆக போர்டில் கோளாறில்லை, தகட்டிலும் இல்லை. இடையில் ஒயரில்தான்.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மேசைக்குப் பின்னால், பலகை அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே அது தரையில் கிடந்தது. குனிந்து கையை விட்டாள். விரல்கள் கொழகொழவென்று எதிலோ புதைந்தன. வெதுவெதுப்பாக இருந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். சுவரிலும் தரையிலும் மாதக்கணக்கில் துப்பிய குட்காச் சிவப்பு. மரத்தூள் ஊறிச் சேறாகிக் கிடந்தது. அதன் நடுவில் ஒயர் அறுந்து, டேப் சுற்றாமல் முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தது. தகட்டுக்கும் கிளிப்புக்கும் போகிற இரண்டு செம்புக் கம்பிகளும் வெறுமனே அந்தச் சேற்றுக்குள் பச்சைக் களிம்பு பூத்து நின்றன. ஈரம் இருக்கும்வரை கரண்ட் சேரும். ராத்திரி காய்ந்தால் விட்டுப்போகும். காலையில் அவர் வந்து துப்ப ஆரம்பித்தால் மறுபடி சேரும்.

"ஒயர அறுத்தது யாரு மாமா?"

"பலகை இழுக்கும்போது அறுந்துச்சி. நான்தான் சேத்து வுட்டேன்," என்றார் அவர், உதட்டைத் தூக்கிக்கொண்டு.

அவள் ஒயரை மறுபடி போர்டில் சொருகினாள். ஒட்டைத் துணியால் துடைத்துக் கம்பிகளை விலக்கினாள். புள்ளி அணைந்தே இருந்தது. எழுந்து, சிவப்பு வழிந்த கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னொரு வாட்டி துப்புங்க மாமா. புள்ளி எரியறத டீச்சர் பாக்கட்டும்."

டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"வெளிய வெயிலு. எங்க போயி துப்பறது?" என்றார் நாகபூஷணம். அவருக்கு வெட்கமே இல்லை. அவள் ஷெட் சாவியைக் கேட்டாள். முனகிக்கொண்டே மேசைமேல் வைத்துவிட்டு, பஸ் பிடித்து ஊருக்குப் போனார்.

மத்தியானத்துக்குள் குவைத்திலிருந்து போன் வந்தது.

"ஊரு பேரு தெரியாதவங்க எதிர்ல அண்ணன் மானத்த வாங்கிட்டியாமே."

"அவரு துப்புனதுல கைய வெச்சிக்கினு வந்தவ நானு."

"கழுவிட்டா போச்சி, அதுக்கென்ன," என்றான் முனிரத்தினம்.

அவள் போனை வைத்துவிட்டாள். அவனோடு பேச வேண்டியது நிறைய இருந்தது. ஆனால் அந்தக் குரலை அன்றைக்கு இன்னொரு நிமிஷம் கேட்க முடியாது என்று தோன்றியது.

சுவரைச் சுரண்டி, பினாயில் ஊற்றித் தேய்த்தாள். புது ஒயரைத் தரையில் படாமல் குழாய்க்குள் விட்டு மேலே கொண்டுபோனாள். பிட் இறங்கித் தகட்டைத் தொட்டு நின்றது. பத்து முறை பார்த்தாள், பத்து முறையும் சரியாகவே நின்றது. டீச்சருக்கு வேறு தேக்கில் பலகை முடித்து, ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள். நேரில் போகப் பிடிக்கவில்லை.

கையை நாலு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் நக இடுக்கில் அந்த வாடை நின்றது. அன்றைக்குச் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிட்டாள், பாதிக்குமேல் இறங்கவில்லை.