மூன்றாவது கேள்வி

எங்கள் கம்பெனியில் கணினிப் பிரிவு என்றால் அது நான்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலை; அதன் கம்ப்ரசர் அறைக்குப் பக்கத்து அறை. பெயர் ஸ்டீவன், வயது நாற்பத்தொன்று. எனக்குக் கீழே வேலை செய்வது ஒரு டேபிள் ஃபேன்.

மெயில், லீவு எல்லாம் இப்போது கிளவுடில். யாராவது பழக்கமில்லாத இடத்திலிருந்து உள்ளே நுழைந்தால் என் திரையில் சிவப்பு வரும், அவர் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டப்பட்டவர் எனக்குப் போன் செய்து, தான் இன்னார்தான் என்று நிரூபிக்க வேண்டும். ஊழியர் எண், பிறந்த தேதி என இரண்டு கேள்விகள் கம்பெனி விதி. மூன்றாவதை நானே சேர்த்துக்கொண்டேன்: காலையில் நாஷ்டா என்ன?

கணக்கு திறக்க வேண்டிய மனிதர் எதற்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். இட்லியைப் பற்றிக்கூட.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களின் போன் பல நேரம் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். திரை ஆந்திரா என்று காட்டும், கணக்கு பூட்டிக்கொள்ளும். இதைச் சரிசெய்வது பதினைந்து நிமிட வேலை. இரண்டு வருடமாக நான் செய்யவில்லை. செய்துவிட்டால் எனக்கு யார் போன் செய்வார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஸ்டோர்ஸ் குப்புராஜ் அண்ணன் பூட்டிக்கொண்டார். லீவில் ஆரம்பாக்கத்து வீட்டில் இருந்தார்.

"நாஷ்டா இன்னாண்ணே?"

"பொங்கல், நைனா. இதுவும் செக்யூரிட்டியா?"

"கண்டிப்பா. வடை உண்டா?"

"ஒண்ணு இருந்துச்சு. நாய் தூக்கினு பூட்ச்சி."

அந்த நாயை நான் விடவில்லை. நிறம் கேட்டேன், யார் வீட்டு நாய் என்று கேட்டேன், முன்பு என்னென்ன தூக்கியிருக்கிறது என்று கேட்டேன். நாற்பது நிமிடம் ஓடிவிட்டது.

பன்னிரண்டு பத்துக்குக் கதவு திறந்தது. தரச் சோதனைப் பிரிவு செண்பகம். நான்கு வருடமாகக் கான்ட்ராக்டில் இருப்பவர். இரண்டாவது ஷிஃப்ட்காரர் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"யார்கூட சார் பேசிக்கினு இருந்தீங்க? பதினோரு வாட்டி அட்ச்சேன், எங்கேஜ்டு. பர்மனென்ட் லெட்டர் நேத்து மெயில்ல வந்துக்கீது. இன்னிக்கி பன்னெண்டு மணிக்குள்ள சம்மதம் போடணுமாம். ஆரம்பாக்கத்துல ஊட்லருந்து தொறந்தேன், பூட்டிக்கிச்சு."

பழக்கதோஷம், என் வாய் திறந்தது. "ஊழியர் எண்..."

"நாஷ்டா வரைக்கும் நானே சொல்லிட்றேன் சார். துன்னல. உங்களுக்குத்தான் போன் போட்டுக்கினு இருந்தேன்."

கணக்கைத் திறந்தேன். கடிதத்தின் கீழே 'காலம் முடிந்தது' என்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"பரவால்ல சார். அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் போல. திட்டியிருந்தால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இதற்கு எழுந்திருக்க வேண்டியிருந்தது.

மனிதவளப் பிரிவில் காயத்ரி மேடத்தின் மேஜைக்குப் போகும் வழியெல்லாம் 'சிஸ்டம் பிரச்சினை' என்ற இரண்டு சொற்கள் நாக்கிலேயே இருந்தன. பதினாறு வருடமாக என்னைக் காப்பாற்றிவரும் சொற்கள். ஆனால் அதைச் சொன்னால், "அப்போ நேத்தே நேர்ல வந்து போட்டிருக்கலாமே" என்று பழி செண்பகம் மேல் விழும்.

"மேடம், ஆரம்பாக்கத்து டவர் விஷயம் ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். சரி பண்ணல. இவங்க போன் பண்ணும்போது நான் ஒரு நாயைப் பத்திப் பேசிக்கினு இருந்தேன்."

"எந்த நாய்?"

"வடை தூக்கினு போன நாய்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதிக் குடுப்பீங்களா ஸ்டீவன்?"

எழுதிக் கொடுத்தேன், நாய் உட்பட. கடிதம் ஒரு மணி நேரத்துக்கு மறுபடி திறந்தது. செண்பகம் சம்மதம் போட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது. "வரேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஷிஃப்டுக்குப் போனார்.

அன்றே சரிசெய்தேன். இனி புது இடமென்றால் போனுக்கு ஒரு எண் வரும். அதைத் தட்டினால் போதும், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பதினான்கு நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் கூட்டித்தான் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி சோழவரம் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கிருந்து நான் எதையும் திறந்ததில்லை. போனில் என் கணக்கைத் திறந்தேன். கொஞ்சமாவது சந்தேகப்படும் என்று ஒரு ஆசை. எண் வந்தது, தட்டினேன், உள்ளே விட்டுவிட்டது.

பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். பொங்கல், இரண்டு வடை. நாய் எதுவும் வரவில்லை.