முனை உடைந்த பல்லுக்கு விசா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். சும்மா சொல்லவில்லை, முன்பல்லுக்கு உறை போடப் போயிருந்தேன். பல் செய்யும் லேபிலிருந்து வந்த பெண் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்து நிறம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் வீட்டுக்காரரின் விசா கதையைச் சொன்னாள். வாய்க்குள் அவள் விரல். ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. ஆகவே கதையில் ஓட்டை விழுந்த இடங்களையெல்லாம் நானே அடைத்திருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடல் தாண்டிய காதல் ஒன்று விண்ணப்பத்தின் வாசலில்—" சீச்சீ. அடுத்து: "தனிமை அவளை—" அதுவும் வேண்டாம். அவள் ஏங்கி உருகுகிற ஆள் இல்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஃபோனைச் சாய்த்து வைத்து, ஊரில் இருக்கும் கணவரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிற ஆள். திட்டாத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் கல்யாணங்களில் படம் எடுப்பவர். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் லென்ஸ். இருவரும் நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் வேலை பார்க்கும் இந்த நாட்டுக்கு அவர் வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போக விசா வேண்டும். ஏஜென்ட் மூலம் போடுவதா, தாங்களே போடுவதா? ஒருதடவை மறுத்துவிட்டால் அந்த மறுப்பு அடுத்த விண்ணப்பத்துக்கும் கூடவே வரும் என்றார்கள். 

3

விசா விண்ணப்பத்தோடு இருவரும் சேர்ந்து நின்ற படங்கள் கேட்டிருந்தார்கள். லென்ஸ் எந்தப் படத்திலும் இல்லை. எல்லாமே அவர் எடுத்தவை.

(கல்யாணப் படமாவது இருக்குமே என்பீர்கள். நானும் கேட்டிருப்பேன், வாயில் விரல் இல்லாவிட்டால். பதிவு அலுவலகத்தில் நண்பன் கேமராவைப் பிடித்த லட்சணம் பொறுக்காமல், கையெழுத்துப் போட்ட கையோடு மாப்பிள்ளையே பிடுங்கிக்கொண்டாராம். நண்பன் எடுத்தது ஒன்றே ஒன்று. அதில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை.)

லேபில் பக்கத்து மேசைக்காரி சொன்னாள்: "அக்கா, எங்க வீட்டுக்காரரே ஏஜென்ட் மூலமாதான் வந்தாரு. அவங்ககிட்ட குடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க."

ஏஜென்ட்டும் தங்கமாகத்தான் பேசினார். "படம் இல்லையா மேடம்? இதெல்லாம் ஒரு விஷயமா? நாங்க சேர்த்துருவோம்."

சாயங்காலமே மாதிரி ஒன்று வந்துவிட்டது. கடற்கரையில் அவள். வீடியோவில் பேசும்போது அவள் திரையில் பிடித்து வைத்திருந்த லென்ஸின் முகத்தை யாரோ ஒரு உடம்பில் பொருத்தி, அவள் தோளில் கை போட வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஏஜென்ட்டை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் போன பிரதியில் நானும் இவர்கள் இருவரையும் ஒரே சமையலறையில் நிற்க வைத்து, அவர் வெங்காயம் நறுக்க, அவள் அடுப்பைத் துடைக்க— அடித்துவிட்டேன். ஏஜென்ட்டைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

4

படத்தை லென்ஸுக்கு அனுப்பினாள். அவர் கொதிப்பார் என்று நினைத்தாள்.

"நிழல் ரெண்டு பேருக்கும் வேற வேற பக்கம் விழுது," என்றார். பிறகு குரல் இறங்கியது. "ஆனா இத நானே பண்ணினா ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. பண்ணட்டுமா?"

தொழில் ரோஷத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். அவ்வளவு ஆசை, வந்து பார்த்துவிட வேண்டும் என்று. அவளுக்கும் கிட்டத்தட்ட மனசு சாய்ந்துவிட்டது. இன்னொரு தடவை படத்தைப் பெரிதாக்கினாள்.

"ஏங்க, உங்க பல்லு எங்க?"

"எந்தப் பல்லு?"

"முன்னால முனை உடைஞ்ச பல்லு. அத சரி பண்ணி வச்சிருக்காங்க."

ஊராருக்கெல்லாம் பல் செய்கிறவள், அந்த ஒரு முனையை மட்டும் அடைக்கவே இல்லை. அவர் கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பாள். அவர் மனசுவிட்டுச் சிரித்தால்தான் அந்த முனை தெரியும். அவளுக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

"இப்ப அழகாத்தானே இருக்கேன்?"

"அழகா இருக்காரு. யாருன்னுதான் தெரியல. இந்த ஆள வரவச்சு நான் என்ன பண்றது?"

அவர் சிரித்தார். ஃபோனில் அந்தப் பல் தெரிந்தது.

"சரிம்மா. மறுத்துட்டாங்கன்னா?"

"அழுவேன். அழுது முடிச்சுட்டு மறுபடி போடுவேன். பொய்ப் படம் வச்சு மாட்டினா மறுபடி போடவே முடியாதுங்க."

5

ஏஜென்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர்களே போட்டார்கள். அவர் திரும்பிப் போனதும் எடுக்கவேண்டிய கல்யாணங்களின் விவரம், பதிவுச் சான்றிதழ், தலையில்லாத படம், அவள் மட்டும் இருக்கும் படங்கள். விளக்கம் என்ற இடத்தில் எழுதினாள்: "என் கணவர் புகைப்படக்காரர். அதனால் படங்களில் அவர் இல்லை. தலை இல்லாமல் நிற்பவர் அவர்தான்."

முடிவு ஒன்று: விமான நிலையத்தில் அவர் ஓடி வராமல் கேமராவைத் தூக்க, அவள் "ஐயோ, முதல்ல இங்க வாங்க" என்று— எழுத எனக்கும் கொள்ளை ஆசை.

முடிவு இரண்டு: மறுப்பு. ஒரு வரிகூட எழுத மனம் வரவில்லை.

நிறம் பார்த்து முடித்து விரலை எடுத்தாள். "பதில் இன்னும் வரல. குடுப்பாங்களா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். இப்போது என் வாய் காலியாகத்தான் இருந்தது. ஆனால் விசா கொடுக்கிற ஆள் நான் இல்லையே.

ஆகவே இதை உங்கள் மேசையில் வைக்கிறேன். அதிகாரியின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். படங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒருத்தி தனியாக நின்று கண் சுருங்கச் சிரிக்கிறாள். யாரைப் பார்த்து என்று எந்தப் படத்திலும் இல்லை. உங்களுக்குத் தெரியும். முத்திரையைக் கையில் எடுங்கள்.