வளையம் போட்ட தென்னைகள்

என் கணவர் சடகோபனுக்கு ஓர் ஊர் பிடித்துப்போனால் அவ்வளவுதான், சோறு தண்ணி வேண்டாம். 1971-இல் சிட்னி அப்படித்தான் பிடித்துப்போய், என்னைக் கும்பகோணத்திலிருந்து ஸ்ட்ராத்ஃபீல்டுக்குக் கூட்டி வந்தார். பாலம் கட்டுகிற இன்ஜினியர். 1976-இல் ஒரு பாலத்து வேலைக்காக அவரை இந்தோனேசியாவில் லோம்போக் தீவுக்கு நாலு மாதம் அனுப்பினார்கள். தங்கியது லெம்பாசாரி என்ற சின்னக் கிராமத்தில். அறுபது வீடு, ஒரு மசூதி, ஒரு பள்ளிக்கூடம், வாரம் ஒரு சந்தை. திரும்பி வந்தவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டார்.

"வேதா, நாம அங்கயே போயிடலாம்."

"எங்க?"

"லெம்பாசாரிக்கு. கடலோரமா ஒரு ஏக்கர். நாப்பது தென்னை. கரீம்னு ஒருத்தர் முப்பது வருஷக் குத்தகைக்குத் தரேங்கறார். சின்னதா ஒரு வீடு கட்டிண்டு, கொப்பரை வித்தாலே ரெண்டு பேருக்குத் தாராளம்."

குத்தகைப் பணம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. இங்கே வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்தது அப்படியே அதற்குப் போகும். எனக்கு வீடுகூடப் பெரிதில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் லிட்கம். அங்கே இறங்கினால் ரூக்வுட் இடுகாடு. எங்கள் பெண் அங்கே இருக்கிறாள்.

1973 ஆகஸ்டில் பிறந்து நாலு நாள் இருந்தாள். எங்கள் வழக்கத்தில் பதினோராம் நாள்தான் பேர் வைப்பது. அதுவரைக்கும் அவளால் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் 'பேபி சடகோபன்' என்று எழுதியிருக்கிறது. நான் வியாழக்கிழமை தவறாமல் போவேன். இவர் அடக்கம் பண்ணின அன்றைக்கு வந்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆக, அவருக்கு இந்த ஊரை விட்டு ஓட வேண்டும். என்னால் இந்த ஊரை விட்டு நகர முடியாது. இரண்டு பேருக்கும் இது தெரியும். ஆனால் நாங்கள் சண்டை போட்டது என்னவோ தேங்காயைப் பற்றித்தான்.

வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு பொல்லாத குணம், வேண்டாம் என்று தள்ளின சாமானையும் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இரண்டு நாள்தான் பொறுத்தேன். மூன்றாம் நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"அங்க பால் கிடைக்குமா?"

"மாடு இருக்கு. யாரும் கறக்கறதில்லை."

"அப்ப காபி?"

"பொடியைத் தம்ளர்ல போட்டுக் கொதிக்கற தண்ணியை விட்டுடுவா. பொடி அடியில தங்கினப்பறம் மேலாக் குடிக்கணும்."

"வடிகட்ட மாட்டாளா?"

"மாட்டா."

வடிகட்டாத காபியைக் குடிக்கிற ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பாம்பு உண்டா, மழைக்காலத்தில் விறகு எப்படி, பெண்டுகள் சந்தைக்குத் தனியாகப் போவார்களா என்றெல்லாம் கேட்டேன். நான் மசிந்துவிட்டேன் என்று அவருக்கு ஒரே குஷி. எடுத்து வந்த ஸ்லைடுகளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. மாடி ஃபிளாட்டில் இருந்த யோகராணியையும் கூப்பிட்டார். அவள் யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ் வேலை. எனக்கு இந்த ஊரில் வாய்த்த ஒரே தங்கை.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டுச் சுவரில் போர்வையைக் கட்டினோம். பாலம், பாலம், இன்னொரு கோணத்தில் அதே பாலம். அதற்கப்புறம் கடலும் தென்னைகளும் வந்தன. ஒவ்வொரு மரத்திலும் இடுப்பு உயரத்தில் வர்ணத்தில் ஒரு வளையம். சிவப்பு, நீலம், பச்சை, சிலவற்றில் வெள்ளை. ஒரு படத்தில் இவர் வெள்ளை வளையம் போட்ட மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

"அண்ணை, அந்தப் படத்தை ஒருக்கா திருப்பிப் போடுங்கோ" என்றாள் யோகராணி. "ஏன் மரத்துக்குப் பெயின்ற் அடிச்சிருக்கினம்?"

"அழகுக்குத்தான். நம்ம பக்கம் மாட்டுக் கொம்புக்கு அடிக்கறதில்லையா?"

"காணி ஆற்ற?"

"கரீமோடது."

"அது காணி. மரம் ஆற்ற?"

இவர் சிரித்தார். "நிலம் அவரோடதுன்னா மரமும் அவரோடதுதானே?"

"அப்பிடி இல்லை, அண்ணை. எங்கட அம்மாவின்ர காணியில நாலு பனை பெரியம்மாவுக்கு. காணிக்கு ஒரு பங்கு, மரத்துக்கு வேற பங்கு, கிணத்துக்கு வேற பங்கு. கேட்டுப்போட்டுக் காசைக் குடுங்கோ."

எங்களுக்கு இது புதிது. எங்கள் பக்கத்தில் நிலத்தை வாங்கினால் மரம், கிணறு, கிணற்றுக்குள் இருக்கிற தவளை எல்லாம் சேர்த்துத்தான். இவர் ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார். அப்புறம் ஒரு வாரம் ஆகியும் கேட்டு எழுதவில்லை. பதிலுக்குப் பயந்தார் என்று எனக்குப் புரிந்தது.

நான் எழுதினேன். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் மஹ்சுனுக்கு இங்கிலீஷ் தெரியும், இவர் தங்கியது அவர் வீட்டில்தான். பதினாலு கேள்வி. பதிமூன்று எனக்காக, கடைசி ஒன்று மரத்துக்காக. ஐந்து வாரம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன்.

பதில் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் வந்தது. இவரைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, தமிழ்ப்படுத்திக்கொண்டே படித்தேன். பாம்பு உண்டாம், ஆனால் மரியாதை தெரிந்த பாம்பாம். பெண்டுகள் தனியாகத்தான் சந்தைக்குப் போவார்களாம், ஆண்களுக்குப் பேரம் பேசத் தெரியாதாம். கடைசிக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

'நிலம் கரீமுடையது. மரங்கள் அவருடையவை அல்ல. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் அந்த வீட்டார் ஒரு தென்னங்கன்று நடுவார்கள். நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி, இடம் இருந்தால் போதும். மரம் அந்தக் குழந்தைக்குச் சொந்தம். எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிவதற்கு வளையம். சாருக்கு இது தெரியும் என்றே எல்லோரும் நினைத்தோம். நான் சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.'

"அப்ப வெறும் மண்ணுக்கா அவ்வளவு பணம்?" என்று இவர் எழுந்துவிட்டார்.

"இருங்கோ, இன்னும் இருக்கு."

'வெள்ளை வளையம், இல்லாமல் போய்விட்ட குழந்தைகளின் மரம். அதன் காய்களை விற்பதில்லை. வழியில் போகிறவர் யாரும் பறித்துக் குடிக்கலாம். குழந்தை கொடுத்ததாகக் கணக்கு. சார் நாலு மாதமும் அந்த மரங்களில்தான் குடித்தார். உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று சார் சொல்லவில்லை. சொன்னால் நாங்களே கன்று நட்டு வைப்போம். அதற்கு நீங்கள் நிலம் எடுக்க வேண்டியதில்லை. குழந்தையின் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயர் சொல்லித்தான் நடுவது வழக்கம்.'

இவர் மறுபடி உட்கார்ந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் போய் அணைக்கவில்லை.

"என்னன்னு எழுதட்டும்?" என்றேன்.

"ஒண்ணுன்னு எழுது."

"பேர் கேட்டிருக்காரே."

"ரங்கநாயகி" என்றார், யோசிக்கவே இல்லை. "அவ பொறந்த அன்னிக்கே வச்சுட்டேன், வேதா. பதினோராம் நாள்தான் இருக்கே, அன்னிக்கு உங்கிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மூன்று வருஷமாக ஒரே வீட்டில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறார். நானும் ஒரு பெயர் வைத்திருந்தேன். அது வேறு பெயர். அவரிடம் நான் சொல்லவில்லை, இனி சொல்லப்போவதும் இல்லை.

அன்றைக்கே பதில் எழுதினேன். எங்களுக்கு ஒரு பெண், பெயர் ரங்கநாயகி, வெள்ளை வளையம். நிலம் வேண்டாம். டிசம்பர் லீவில் இரண்டு பேரும் வருகிறோம், கன்றை நாங்களே நடுகிறோம். காபியை எனக்கு மட்டும் வடிகட்டித் தர முடியுமா என்று பதினைந்தாவது கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நான் பூவை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது இவர் வேலைக்குப் போகாமல் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எந்த இடம்னு எனக்கு மறந்துபோயிடுத்து" என்றார். "நீ காட்டு."